திராட்சைக் கொடியின் தாகத்தை அளந்து தண்ணீர் விடுவது எப்படி?

கம்பம் பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து இருக்கும் நான்கு தோட்டங்களை ஒரே காலையில் சுற்றி வந்தால், ஒன்றில் கவாத்து முடிந்து மொட்டுகள் வெடித்துக்கொண்டிருக்கும், இன்னொன்றில் பூ இருக்கும், மூன்றாவதில் காய்கள் பட்டாணி அளவில் தொங்கும், நான்காவதில் பழம் வெட்டிப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருப்பார்கள். ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பந்தலில் பழம் இருப்பதுதான் 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் பெருமை. பாசனத்தில் சிக்கலை உண்டாக்குவதும் அதே பெருமைதான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விடுகிறார் என்று கேட்டுப் பயனில்லை; அவருடைய கொடி வேறு பருவத்தில் நிற்கிறது.

மண்ணின் மேற்பரப்பைப் பார்த்து முடிவெடுப்பதும் ஏமாற்றும். சொட்டுநீர்க் குழாயில் நீர் சொட்டும் முனையான சொட்டுவானுக்குக் கீழே ஈரம் மினுங்கும்போதே இரண்டடி ஆழத்தில் செம்மண் சரளை காய்ந்து கிடக்கலாம். மேலே பாளம் பாளமாக வெடித்த கரிசலுக்கு அடியில் கொடிக்குப் பல நாட்களுக்குத் தேவையான நீர் இருக்கலாம். நிலக்கோட்டை, வத்தலக்குண்டு பக்கத்துப் பந்தல்களிலும், ஓடைப்பட்டியின் விதையில்லாத் திராட்சைத் தோட்டங்களிலும், பள்ளத்தாக்கிலும் ஒரே தோட்டத்துக்குள்ளேயே மண் மாறுவதைப் பார்க்கலாம். ஆகவே கொடியிடமே கேட்டுவிடுவது நல்லது. அப்படிக் கேட்பதற்குக் காசு செலவில்லாத வழியும் உண்டு, கருவி தேவைப்படும் வழியும் உண்டு. இரண்டையும் இங்கே விளக்குகிறேன். கருவியைப் பற்றிய பகுதி நீளமாக இருக்கும், ஏனெனில் தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன.

அளக்கப்படுவது எது?

கொடிக்குள் நீர் மேலேறுவதற்குப் பெரும்பாலும் இலையின் இழுப்பே காரணம். வெயில் ஏற ஏற இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகிறது; அந்த இழப்பு, இலையிலிருந்து வேர்நுனி வரை அறுபடாமல் நிற்கும் நீர்ப்பத்தியை மேல்நோக்கி இழுக்கிறது. டிக்சன், ஜோலி என்ற இரு அயர்லாந்து அறிஞர்கள் 1894-இல் முன்வைத்த விளக்கம் இது. கமலை ஓடிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. கிணற்றுக்குள் இறங்கிய சால் சேற்றில் சிக்கிக்கொண்டால், மாடுகள் இழுக்க இழுக்க வடம் விறைத்துக் கம்பிபோல நிற்கும். காய்ந்த மண் நீரை இறுகப் பிடித்துக்கொள்ளும்போது கொடிக்குள் இருக்கும் நீர்ப்பத்தியும் அப்படித்தான் விறைக்கிறது.

அந்த விறைப்பை நீர் இழுவிசை என்று சொல்லலாம்; அதைப் பார் என்ற அலகில் அளக்கிறோம். நூல்களில் இதை நீர் நிலையாற்றல் என்று பெயரிட்டு, எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டு எழுதுவார்கள். 10 பார் ஒரு மெகாபாஸ்கல் ஆகும். வயலில் அந்தக் குறியை விட்டுவிட்டு, எண் பெரிதானால் தாகம் பெரிது என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. இழுவிசை ஏறியதும் கொடி இலைத்துளைகளைச் சுருக்கிக்கொள்கிறது. நீர் மிச்சமாகிறது, ஆனால் இலைக்குள் மாவுச்சத்து உருவாவதும் அதோடு குறைகிறது. இலை தொங்குவது கண்ணுக்குத் தெரிவதற்குப் பல நாட்களுக்கு முன்பே தளிரின் வளர்ச்சி நின்றிருக்கும். இலை வாடிய பிறகு தண்ணீர் விடுவது என்ற பழக்கத்தை நான் ஏற்காததற்குக் காரணம் அதுதான்.

கருவி இல்லாமல்: நுனியைப் படித்தல்

தாகத்துக்கு முதலில் பதில் சொல்வது தளிர்நுனி. நுனிக்கு அருகில் முழுதாக விரிந்துவிட்ட கடைசி இரண்டு இலைகளை மெதுவாக மேல்நோக்கி மடக்கி நுனியோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். நுனி அந்த இலைகளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் தளிர் முழு வேகத்தில் வளர்கிறது. இலைகள் நுனியை மூடிவிட்டால் வளர்ச்சி மந்தமாகிவிட்டது. நுனி கருகியோ உதிர்ந்தோ இருந்தால் வளர்ச்சி நின்றுவிட்டது. தோட்டத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து இப்படி 50 நுனிகளைப் பார்த்து, மூன்று வகைகளில் எது எத்தனை என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி எண்ணும்போது முதல் வகை எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதே செய்தி. பற்றுக்கம்பிகளையும் பாருங்கள்: நீர் போதுமான அளவு இருக்கும் கொடியில் அவை விறைப்பாக நுனியைத் தாண்டி நீண்டிருக்கும், தாகம் எடுத்தால் முதலில் துவண்டு, பிறகு காய்ந்து உதிரும்.

இந்த முறைக்கு நம் பந்தல்களில் ஒரு தடை உண்டு. 12 முதல் 15 கணுக்கள் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுவது நம் வழக்கம்; கிள்ளிய நுனி வளராததற்கும் தண்ணீருக்கும் தொடர்பில்லை. ஆகவே கவாத்துக்குப் பிறகான முதல் சில வாரங்களுக்கு மட்டுமே இது முழுமையாக உதவும். பிறகு பக்கத்தளிர்களைப் பார்க்கலாம், ஆனால் கணிப்பு அவ்வளவு துல்லியமாக இராது.

இலையைத் தொட்டுப் பார்ப்பதும் பழைய வழிதான். நடுப்பகல் வெயிலில் இருக்கும் இலையை உள்ளங்கைக்கும் விரல்களுக்கும் இடையில் வைத்தால், நீரை ஆவியாக்கிக்கொண்டிருக்கும் இலை குளிர்ச்சியாக இருக்கும், துளைகளை மூடிய இலை சுடும். இதையே எண்ணாகப் பெற அகச்சிவப்பு வெப்பமானியைப் பயன்படுத்தலாம். ஆனால் கொரோனா காலத்தில் வாங்கி வீட்டில் கிடக்கும் நெற்றிக் காய்ச்சல்மானி இதற்கு உதவாது, அது மனித உடலின் வெப்ப அளவுகளுக்காக மட்டும் திருத்தப்பட்டது. பந்தலுக்குக் கீழே நின்று மேல்நோக்கிக் குறிபார்ப்பதும் வீண், அங்கே தெரிவது நிழல் இலைகள். ஏணி வைத்து, பந்தலின் மேற்பரப்பில் வெயில் படும் இலைகளைப் பார்த்து அளக்க வேண்டும்.

அழுத்தக் கலன்

ஷோலாண்டர் என்ற அறிஞரும் உடன் பணியாற்றியவர்களும் 1965-இல் வெளியிட்ட ஆய்வின் மூலம் பரவலான இந்தக் கருவி, இன்றளவும் கொடியின் நீர்நிலையை நேரடியாக அளப்பதற்கு நம்பகமான வழி. இலைக்காம்பை அறுத்ததும், இழுபட்டுக்கொண்டிருந்த நீர்ப்பத்தி அறுந்து இலைக்குள் சுருங்கிவிடுகிறது. இலையை ஒரு கலனுக்குள் வைத்து, அறுத்த காம்பு மட்டும் ரப்பர் அடைப்பின் வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி மூடி, உள்ளே காற்றழுத்தத்தை ஏற்றினால், ஓர் அழுத்தத்தில் நீர் மறுபடி வெட்டுமுகத்துக்கு வந்து நிற்கும். அந்த அழுத்தமே கொடியில் இருந்த இழுவிசை. நைட்ரஜன் சிலிண்டரோடு வரும் வகையும், 20 பார் வரை கையால் அடித்து ஏற்றும் பம்பு வகையும் உண்டு; திராட்சைக்குப் பம்பு வகையே போதும், சிலிண்டரைப் பைக்கில் வைத்துக்கொண்டு அலைய வேண்டாம். தனி ஒருவர் வாங்குவது பாரமான செலவு என்பதால், உழவர் உற்பத்தியாளர் குழுவாகச் சேர்ந்து ஒன்றை வாங்கி, அளக்கப் பழகிய ஒருவரிடம் பொறுப்பைக் கொடுப்பது சரியாக இருக்கும். பத்துப் பேர் மாறி மாறி அளந்தால் கொடியின் மாற்றம் எது, கையின் மாற்றம் எது என்று பிரிக்க முடியாமல் போகும்.

முதலில் கொடிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மண்ணும் வயதும் ஒத்திருக்கும் ஒவ்வொரு பகுதியிலும் ஆறு முதல் எட்டுக் கொடிகள் போதும். ஓரக் கொடிகள், வரப்பை ஒட்டியவை, தொட்டியின் கசிவு படுபவை, தென்னை நிழல் விழுபவை, நோய் கண்டவை ஆகியவற்றை விட்டுவிட்டு, அந்தப் பகுதியின் சராசரிக் கொடிகளாகத் தேர்ந்தெடுத்துத் தண்டின் அடியில் பெயின்டால் எண் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு வாரமும் அதே கொடிகளை அளக்க வேண்டும். இவற்றோடு நான்கு கொடிகளுக்குக் கூடுதலாக ஒரு சொட்டுவான் பொருத்தி, எப்போதும் நீர் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றை ஒப்பீட்டுக் கொடிகள் என்று சொல்லலாம். அவற்றின் தேவை பின்னால் விளங்கும்.

அளக்கும் நேரம் நடுப்பகல். மதுரை வட்டாரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரப்படி ஏறத்தாழ 12.20-க்கு, ஆகவே 12.30-இலிருந்து 2.30 வரை நமக்கு நேரம் இருக்கிறது. வானம் தெளிவாக இருக்க வேண்டும். மேகம் வந்து போகும் நாளில் எண்கள் ஏறி இறங்கும். அன்று அளக்காமல் விடுவதே மேல். அடுத்த தண்ணீர் விடுவதற்குச் சற்று முன்பு அளப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டால் வாரத்துக்கு வாரம் ஒப்பிட முடியும்.

நேராக வெயிலில் இருக்கும் இலையை அளந்தால் அந்த ஓர் இலையின் அவசரம்தான் தெரியும். கொடி முழுவதன் நிலையை அறிய, தண்டுக்கு அருகில் நிழலில் இருக்கும் முதிர்ந்த, பழுதில்லாத இலையைக் கொடியில் இருக்கும்போதே உறைபோட்டு மூடி, ஒரு மணி நேரம் விட வேண்டும். அந்த நேரத்தில் இலை ஆவிவிடுவதை நிறுத்தி, தண்டோடு சமநிலைக்கு வந்துவிடுகிறது. அதன்பின் அது சொல்வது தண்டின் இழுவிசை. மற்ற நாடுகளில் செங்குத்தாகக் கம்பி கட்டிய தோட்டங்களில் இப்படிப்பட்ட நிழல் இலையைத் தேட வேண்டியிருக்கும். நமக்கோ பந்தலுக்குக் கீழே கையெட்டும் உயரத்தில் எல்லாமே நிழல் இலைதான். நம் பந்தலுக்கென்றே அமைந்த முறை என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது. உறைக்கு, வாய் அழுத்தி மூடும் சிறிய பிளாஸ்டிக் பையின் வெளிப்புறத்தில், ஓட்டல்களில் பார்சல் கட்டும் வெள்ளித்தாளைச் சுற்றி ஒட்டிக்கொண்டால் போதும். 11.30-க்கு எல்லா உறைகளையும் மாட்டிவிட்டுச் சாப்பிட்டு வந்தால் நேரம் சரியாக இருக்கும்.

அறுப்பதுதான் கை பழக வேண்டிய வேலை. கலனைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டு, உறையைக் கழற்றாமலேயே, புதிய சவர பிளேடால் காம்பை ஒரே வீச்சில் நேராக அறுக்க வேண்டும். உறையோடு இலையைக் கலனுக்குள் வைத்து, காம்பை ரப்பர் அடைப்பின் வழியே ஓரளவு மட்டும் வெளியே விட்டு இறுக்குங்கள். அறுத்ததிலிருந்து அழுத்தம் ஏறத் தொடங்கும் வரை அரை நிமிடத்தைத் தாண்டக் கூடாது. வெட்டுமுகம் பிசிறாக இருக்கிறது என்று மறுபடி அறுக்காதீர்கள். காம்பு குறையக் குறைய எண் மாறும். இலையை எறிந்துவிட்டு வேறொன்றை எடுங்கள்.

அழுத்தத்தை மெதுவாக ஏற்ற வேண்டும். பம்பு வகையில் ஒவ்வோர் அடிக்கும் இடையில் ஒரு கணம் நிறுத்தினால் சரியாக இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் வெட்டுமுகம் முதலில் வெளிர்பச்சையாக, மங்கலாக இருக்கும். பிறகு நடுவில் இருக்கும் நரம்பு வளையம் சற்றுக் கருமையாகும். அடுத்த அடியில், நெற்றியில் வியர்வை அரும்புவது போல அந்த வளையம் மட்டும் ஈரமாகி மினுங்கும். அந்தக் கணத்து எண்ணைப் படியுங்கள். துளி திரண்டு வழிவதற்குக் காத்திருந்தால் ஒன்று, இரண்டு பார் தாண்டிவிடும். ஈரத்துக்குப் பதிலாக நுரை வந்தால் இலையிலோ காம்பிலோ கிழிசல் இருக்கிறது என்று பொருள். அந்த எண்ணை எழுத வேண்டாம். ஒரு கொடிக்கு இரண்டு இலைகள் அளந்து, இரண்டுக்கும் ஒரு பாருக்கு மேல் வேறுபாடு இருந்தால் மூன்றாவதையும் அளந்துவிடுங்கள். வெட்டுமுகத்தைப் பார்க்கும் ஆர்வத்தில் முகத்தைக் கலனுக்கு நேர் மேலே கொண்டுபோகாமல் பக்கவாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்; கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்; அழுத்தம் முழுவதும் இறங்கும்வரை மூடியில் கை வைக்கக் கூடாது.

நான் பழகிய முதல் வாரங்களில், பைக்குள் இலை கசங்குமே என்று உறையைக் கழற்றிவிட்டுக் காம்பை அறுத்தேன். கழற்றுவது, அறுப்பது, கலனில் பொருத்துவது என்று கழிந்த அந்தச் சிறு இடைவெளியில் நடுப்பகல் காற்றில் இலை வேகமாக நீரை விட்டுவிட, நன்றாகத் தண்ணீர் பாய்ந்த தோட்டம்கூடக் கடும் வறட்சியில் இருப்பதாக எண் காட்டியது. அதை நம்பி, காய் நிறம் திரும்பும் சமயத்தில் இரண்டு நாட்கள் கூடுதலாகத் தண்ணீர் விடச் சொன்னேன். பன்னீருக்குத் தோல் மெல்லியது; கொத்துக்கு நாலைந்து பழங்கள் வெடித்திருந்ததைப் பார்த்த தோட்டத்துக்காரர் என்னை ஒன்றும் சொல்லவில்லை, அது இன்னும் சங்கடமாக இருந்தது.

விடியற்காலை அளவு என்று ஒன்றும் உண்டு. இரவெல்லாம் இழுப்பு இல்லாததால், கோழி கூவும் நேரத்தில் கொடியின் இழுவிசை மண்ணின் இழுவிசையோடு ஏறத்தாழ சமமாகிவிடும் என்பது அதன் அடிப்படை. வாய்க்கால் பாசனத்தில் இது நன்றாகப் பொருந்தும். சொட்டுநீரில் பொருந்தாது: வேர்த்தொகுதியின் பெரும்பகுதி காய்ந்திருந்தாலும் சொட்டுவானுக்கு அடியில் இருக்கும் ஒரு குடம் அளவு ஈரத்தோடு கொடி இரவில் சமநிலைக்கு வந்து, எல்லாம் நலம் என்று சொல்லிவிடும். நம்மிடம் சொட்டுநீர் பரவலாகிவிட்டதால் நான் நடுப்பகல் அளவையே பரிந்துரைக்கிறேன்.

எண்ணைப் பருவத்தோடு பொருத்துதல்

ஒயின் திராட்சைகளில் நடந்த ஆய்வுகளிலிருந்து பரவலாகப் பயன்படும் வகைப்பாடு ஒன்று உண்டு: நடுப்பகல் தண்டு இழுவிசை 6 பாருக்குக் கீழே இருந்தால் தாகம் இல்லை; 6 முதல் 9 வரை லேசானது; 9 முதல் 11 வரை மிதமானது; 11 முதல் 14 வரை கடுமையை நோக்கிப் போகிறது; 14-ஐத் தாண்டினால் கடுமை. ஒயினுக்கு வளர்ப்பவர்கள் சிறிய பழத்தையும் அடர்ந்த நிறத்தையும் விரும்பி, கொடியை வேண்டுமென்றே தாகத்தில் வைப்பார்கள். மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்கு வண்டி ஏற்றும் நமக்கு எடைதான் காசு. ஆகவே அவர்களுடைய அளவுகோலைக் கடன் வாங்கலாம், அவர்களுடைய இலக்கை வாங்கக் கூடாது.

மொட்டு வெடித்ததிலிருந்து பூக்கும் வரை 6, 7 பாரைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்வேன். பூவும் காய்ப்பிடிப்பும் மிகவும் நுட்பமான நாட்கள். அப்போது தாகம் எடுத்தால் பூ உதிர்ந்து கொத்து இடைவெளி விட்டுப் போகும். காய் பிடித்த முதல் சில வாரங்களில் காய்க்குள் செல்கள் பெருகுகின்றன. அப்போது எண் 8-ஐத் தாண்டினால் பழத்தின் அளவு குறைந்துவிடும், பின்னால் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அந்த இழப்பு முழுதாகத் திரும்பி வராது. காய் மென்மையாகி நிறம் திரும்பிய பிறகு கொடி ஓரளவு தாகத்தைத் தாங்கும். 9, 10 வரை போகவிடலாம், சர்க்கரை ஏறும்போது மிதமான கட்டுப்பாடு நல்லதும்கூட. ஆனால் எண்ணை 12 வரை ஏறவிட்டு, பதறிப்போய் ஒரே நாளில் முழுத் தண்ணீர் கொடுப்பதுதான் ஆபத்து. பழம் வெடிப்பது வறட்சியால் மட்டும் நேர்வதன்று. வறட்சிக்குப் பின் திடீரென்று வரும் நீர்தான் வெடிக்கவைக்கிறது.

இனி ஒப்பீட்டுக் கொடிகளின் தேவைக்கு வருவோம். நீர் நிறைந்த கொடியிலும் நடுப்பகல் எண் ஒரே அளவில் நிற்பதில்லை. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு அது ஏறும். கார்த்திகை ஈரக்காற்றில் 4, 5 பார் காட்டும் அதே கொடி, அக்னி நட்சத்திர வெயிலிலோ, கணவாய் வழியே இறங்கிப் பள்ளத்தாக்கையே உலுக்கும் ஆடிக்காற்றிலோ 7, 8 பார் காட்டக்கூடும். மண்ணில் குறை ஒன்றும் இராது. அன்றைய ஒப்பீட்டுக் கொடிகளின் சராசரி 7 என்றும் தோட்டத்தின் சராசரி 8 என்றும் வந்தால், கவலைப்பட ஒரு பார் வேறுபாடு மட்டுமே இருக்கிறது. ஒப்பீட்டுக் கொடிகள் 5-இல் நிற்கும்போது தோட்டம் 8 காட்டினால் அது வேறு கதை. அன்று மாலையே மோட்டாரைப் போட வேண்டும். எண் ஒன்றாக இருந்தும் முடிவு வேறாவதை இதில் பார்க்கலாம். வெறும் எண்ணைக் கேட்டுப் போன் செய்பவர்களிடம் ஒப்பீட்டுக் கொடிகள் என்ன காட்டின என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான்.

எத்தனை மணி நேரம் மோட்டார் ஓட்டுவது

கலன் எப்போது விடலாம் என்று சொல்லும். எவ்வளவு விடலாம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பன்னீர் திராட்சைக்குப் பரிந்துரைக்கப்படும் 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் ஒரு கொடிக்கு 6 சதுர மீட்டர் பரப்பு. திறந்த தட்டில் நீர் வைத்து எவ்வளவு ஆவியாகிறது என்று பார்க்கும் ஆவியாதல் தட்டில் ஒரு நாளில் 6 மி.மீ. குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். தட்டுக்கான திருத்தம் 0.7, பந்தல் நிறைந்த பயிருக்கு 0.7 என்று பெருக்கினால் ஏறத்தாழ 2.9 மி.மீ.; அதை 6 சதுர மீட்டரால் பெருக்கினால் கொடிக்கு நாளொன்றுக்கு 17.6 லிட்டர். மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் இரண்டு இருந்தால், ஏறத்தாழ 2 மணி 12 நிமிடம். ஏக்கருக்குச் சுமார் 670 கொடிகள் என்றால் 12,000 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. கவாத்து முடிந்து இலை குறைவாக இருக்கும் வாரங்களில் இதில் பாதிகூடத் தேவைப்படாது.

சொட்டுவானில் 4 லிட்டர் என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் வாய் அடைத்துப்போவது வழக்கம். தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, குழாயின் கடைசியில் ஒன்று என்று பாட்டில் வைத்துக் கால் மணி நேரம் பிடித்துப் பாருங்கள். ஒரு லிட்டர் வர வேண்டும். கடைசியில் அரை லிட்டர்தான் வருகிறது என்றால் முதல் வேலை குழாயைச் சுத்தம் செய்வது.

இந்தக் கணக்கைத் தொடக்கப்புள்ளியாக வைத்துக்கொண்டு கலனின் எண்ணால் திருத்திக்கொள்ள வேண்டும். பருவத்துக்கான வரம்பை ஒரு பார் தாண்டினால் ஓட்டும் நேரத்தில் 15 முதல் 20 விழுக்காடு கூட்டி, மூன்று நாட்கள் கழித்து மறுபடி அளந்து பார்ப்பது என் வழக்கம். ஒப்பீட்டுக் கொடிகளுக்குச் சமமாகத் தோட்டம் நின்றால் அதே அளவுக்குக் குறைத்துப் பார்க்கலாம். மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குள் எல்லா வால்வுகளையும் முடிக்க வேண்டியவர்களுக்கு அந்தக் குறைப்பு பெரிய விடுதலை.

மண்ணையும் கூடவே கவனித்தால் கலனை எடுக்கும் நாட்களைக் குறைக்கலாம். மண் நீரை எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்று காட்டும் டென்சியோமீட்டர் ஒன்றை 30 செ.மீ. ஆழத்திலும் இன்னொன்றை 60 செ.மீ. ஆழத்திலும், சொட்டுவானிலிருந்து ஓரடி தள்ளிப் புதைத்து வையுங்கள். பீங்கான் முனையை முதல்நாள் இரவே நீரில் ஊறவைத்து, கொதிக்கவைத்து ஆறிய நீரை உள்ளே நிரப்பினால் காற்றுக்குமிழ் தொல்லை குறையும். 80 சென்டிபாரை, அதாவது 0.8 பாரை, தாண்டினால் அது வேலை செய்யாது என்றாலும், செம்மண்ணில் நமக்கு அதற்கு முன்பே தண்ணீர் தேவைப்பட்டுவிடும். எளிமையாக வேண்டுமென்றால், கோவையில் உள்ள கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரங்காட்டும் கருவி இருக்கிறது. குத்திப் பார்த்தால் நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று விளக்கு எரியும்.

எண் பொருந்தாதபோது

ஒருமுறை ஒரு தோட்டத்தில் மண் ஈரமாகவே இருக்க, கலன் 12 காட்டியது. “ரெண்டு நாள் முன்னாடிதான் விடிய விடிய மோட்டார் ஓடுச்சு தம்பி, ஒங்க மிசினுதான் பொய் சொல்லுது” என்றார் தோட்டத்துப் பெரியவர். உறை, பிளேடு, நேரம் எல்லாவற்றையும் சரிபார்த்து மறுபடி அளந்தும் எண் மாறவில்லை. பிறகு மண்வெட்டி எடுத்து இரண்டு கொடிகளின் பக்கத்தில் ஓரடி தோண்டினோம். மெல்லிய வேர்கள் முழுக்க மிளகுபோல முடிச்சுகள். நூற்புழு தாக்கிய வேர் ஈரத்தில் கிடந்தாலும் குடிக்க முடியாது. அந்தக் கொடிகளுக்கு மேலும் தண்ணீர் விட்டிருந்தால் வேரழுகலும் சேர்ந்திருக்கும்.

ஈரமண்ணில் எண் ஏறினால் சந்தேகப்பட வேண்டியவை மூன்று: நூற்புழுவோ அழுகலோ கண்ட வேர், நீர் தேங்கிக் காற்றோட்டம் இழந்த மண், உப்பு. கிணற்றுநீரின் உப்பு மண்ணில் சேரச் சேர, மண் நீரை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். இலை ஓரம் கருகுவது அதற்குத் துணை அடையாளம். இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும் பாசன நேரத்தைக் கூட்டுவது தீர்வாகாது. மண், நீர் மாதிரிகளைச் சோதனைக்குக் கொடுத்து, காரணத்தைக் கண்டறிந்த பிறகே அட்டவணையில் கை வைக்க வேண்டும். மாறாக, மண் காய்ந்திருந்தும் எண் குறைவாக இருந்தால் கொடியின் வேர் நீங்கள் பார்த்த இடத்தைவிட ஆழமாகப் போயிருக்கிறது. பழைய, வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்த தோட்டங்களில் இதைக் காணலாம். அங்கே கொடி சொல்வதை நம்பிக் காத்திருக்கலாம்.

அறுவடை முடிந்து கவாத்துக்கு முன் தண்ணீரை நிறுத்திவைக்கும் நாட்களிலும் ஓரிரு முறை அளந்து பாருங்கள். 10, 11 பார் வரை ஏறுவதில் தவறில்லை, இலை மஞ்சளாகத் தொடங்கும். 13-ஐ நெருங்கினால், அடுத்த பருவத்துக்கான சேமிப்பைக் கொடி செலவழிக்கத் தொடங்கிவிடும் என்பதால் நான் ஒரு சிறு தண்ணீர் கொடுத்துவிடுவேன். கவாத்துக்கு ஆட்கள் வரும் அன்று, அளக்கும் கொடிகளில் உறையோ அடையாளத் துணியோ தொங்கவிடாதீர்கள். கிளையோடு சேர்த்து வெட்டிக் குவித்துவிடுவார்கள். தண்டில் எழுதிய பெயின்ட் எண் மட்டும் மிஞ்சும்; பட்டை உரிந்திருந்தால் அதையும் அன்றே புதுப்பித்துவிட்டால், மொட்டு வெடித்து இலை விரியும்போது அதே கொடிகளில் மறுபடி தொடங்கலாம்.